வெய்ல்டு பச்சோந்தி ப்ரீடிங்: ஜோடி சேக்குறதுக்கு முன்னாடி மண் வாளிய ரெடி பண்ணுங்க

மொதல்லயே சொல்லிடுறேன், நம்ம ஊரு வேலில, முள்ளுக்காட்ல திரியிற பச்சோந்திய புடிச்சு வளக்காதீங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குத்தம். இங்க நான் சொல்றது ஏமன், சவுதி பக்கத்து வெய்ல்டு பச்சோந்தி. இதுவும் சைட்டிஸ் (அழிவு ஆபத்துல இருக்க உயிரினங்களோட வியாபாரத்த கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கு, அதனால இந்தியால வளக்குறவங்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதியணும், குஞ்சு பொரிச்சா அதையும் பதியணும்.

ஆணையும் பொண்ணையும் கண்டுபுடிக்கிறது ஈஸி, ஆணுக்கு பின்னங்கால்ல குதி பக்கம் சின்னதா ஒரு முள்ளு நீட்டிட்டு இருக்கும், பொறந்ததுல இருந்தே இருக்கும். பொண்ணு அஞ்சாறு மாசத்துலயே முட்டை வைக்கிற பக்குவத்துக்கு வந்துரும், ஆனா ஒரு வயசு ஆகாம ஜோடி சேக்காதீங்க ப்ளீஸ், அது உடம்புல இருக்க கால்சியம் பூரா முட்டைக்கே போயிடும்.

இப்ப பொண்ணு முட்டை போடுறதுக்கான மண் வாளி. பொண்ணு ஆணே இல்லாட்டியும் முட்டை போடும், அதனால இது எப்பவுமே வேணும். கழுவுன மணலும் உரம் போடாத மண்ணும் கலந்து ஒரு அடி ஆழத்துக்கு நெரப்புங்க, விரலால குடைஞ்சா பொந்து இடியாம நிக்கணும், கைல புடிச்சு பிழிஞ்சா தண்ணி சொட்டக்கூடாது. இந்த மண்ணு புடிக்கலன்னா முட்டைய உள்ளயே அடக்கி வச்சுக்கும், அப்படியே செத்தும் போயிடும், அதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

பொண்ண ஆணோட கூண்டுல விட்டு பக்கத்துலயே நின்னு பாருங்க. கருத்துப்போய் வாயப் பொளந்து சீறுச்சுன்னா உடனே வெளிய எடுத்துருங்க, வெளிர் பச்சைல அமைதியா நடந்துச்சுன்னா சரி. சேந்த ஒண்ணு ரெண்டு நாள்ல கரும்பச்சை மேல மஞ்சள், நீலப் புள்ளி வந்துரும், அப்புறம் ஆணை காட்டவே வேணாம்.

20லருந்து 30 நாளுக்குள்ள தோண்ட ஆரம்பிக்கும். அப்ப கூண்ட துணி போட்டு மறைச்சுடுங்க, யாராவது பாக்குறது தெரிஞ்சா பாதில விட்டுட்டு வந்துரும். பகல்லயே கண்ண மூடிட்டு கீழ உக்காந்திருந்தா, இல்ல தோண்டித் தோண்டி முட்டை போடாம இருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, பச்சோந்தி பாக்குற டாக்டர் யாருன்னு இதுக்கு முன்னாடியே விசாரிச்சு வைக்கணும்.

அது குழிய மூடிட்டு ஏறி வந்ததும் தண்ணியும் தீனியும் குடுங்க, அப்புறம் மெதுவா முட்டைய தோண்டி எடுங்க. மேல்பக்கம் எதுவோ அதே பக்கம் மேல இருக்கட்டும், பென்சில்ல ஒரு புள்ளி வச்சுக்கோங்க, உருட்டக்கூடாது. வெர்மிகுலைட்டும் (ஈரத்த புடிச்சு வைக்கிற லேசான கனிமத் துகள்) தண்ணியும் சம எடைல கலந்து மூடி போட்ட டப்பால பாதி பொதைச்சு வைங்க. 26லருந்து 28 டிகிரி போதும், ஆறுலருந்து ஒம்பது மாசம் ஆகும். மே மாச வெயில்ல சூடு மட்டும் குடுக்குற இன்குபேட்டர் (முட்டை பொரிக்கிற பெட்டி) ஒதவாது, வீட்லயே குளுமையான ரூம் எதுன்னு தெர்மாமீட்டர் வச்சு பாருங்க. பொரிக்கப்போற நேரம் முட்டை முத்து முத்தா வேர்க்கும், பயப்படாதீங்க.

ஒரு தடவைல 30, 40 குஞ்சு சர்வ சாதாரணம், அதனால யாருக்கு குடுக்கப் போறோம்னு முட்டை பொரியுறதுக்குள்ள பேசி வைங்க. குஞ்சுக்கு தீனி பழ ஈ, பொடி கிரிக்கெட் பூச்சி, அது மேல கால்சியம் பவுடர், அப்புறம் யூவிபி லைட் (புற ஊதா வெளிச்சம் குடுக்குற பல்பு), காலைலயும் சாயங்காலமும் இலை மேல தண்ணி ஸ்ப்ரே. ரெண்டு மாசத்துக்குள்ள ஒண்ணையொண்ணு கடிக்க ஆரம்பிச்சுரும், அப்ப தனித்தனியா பிரிச்சுடணும்.