கேரவனுக்கு வெளியூரில் கரண்ட் எடுக்கும் முன்: ஒரு கெட்டில் சோதனை

போன ஏப்ரலில் ஏலகிரி அடிவாரத்தில் ஒரு பண்ணை வீட்டில் இரவு தங்கினோம். டெம்போ டிராவலரை கேரவனாக மாற்றிய பிறகு அது எங்களுக்கு நான்காவது பயணம். பிளக் போடும் முன் மல்டிமீட்டரில் பார்த்தேன், 228 வோல்ட். அங்கே பார்த்துக்கொள்ளும் அண்ணனும் "ஏசி தாராளமா ஓடும் சார், போடுங்க" என்றார். இரவு பத்து மணிக்கு ஏசி போட்டேன். கம்ப்ரசர் கிளம்பாமல் உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. மூன்றாவது முறையோடு அது எரிந்துபோனது. சென்னை வந்து புது கம்ப்ரசர் போட ஆன செலவில் நான் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் வாங்கி இருக்கலாம்.

வண்டிக்குள் வயரிங், பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். வெளியிலிருந்து வரும் கரண்ட் மோசமாக இருந்தால் என்ன செய்வது என்பது மட்டும்தான் இங்கே.

முதலில் ஒரு விஷயம். யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் காட்டும் வோல்டேஜ் ப்ரொடெக்டர்களை வாங்க வேண்டாம். அவர்களுடையது 120 வோல்ட் லைன், பிளக்கும் வேறு. ஆனால் அவர்கள் பயப்படும் விஷயம் நமக்கும் பொருந்தும்: நியூட்ரல் அறுந்துபோவது. பண்ணை வீடுகளில் பம்ப் செட்டுக்காக த்ரீ பேஸ் இருக்கும். அங்கே மெயினில் நியூட்ரல் விட்டுப்போனால் நம் 230 வோல்ட் சாக்கெட்டில் 300, 350, இன்னும் மோசமானால் 400 வோல்ட் வரைகூட வரலாம். லோடு அதிகமானால் தானே விழும் சுவிட்சான எம்சிபி இதைத் தடுக்காது, ஏனென்றால் அது ஆம்பியரை மட்டும்தான் பார்க்கும். அது டிரிப் ஆவதற்குள் சார்ஜரும் டிவியும் போயிருக்கும்.

படி 1: வண்டிக்குள் என்ன மாட்டுவது

வெளி கரண்ட் நுழையும் இடத்தில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் டபுள் போல் எம்சிபி, 16 ஆம்பியர். அதன் பின், கரண்ட் லீக் ஆனால் கட் செய்யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அதற்கும் பின் ஹை வோல்டேஜ், லோ வோல்டேஜ் வந்தால் தானே கட் செய்யும் வோல்டேஜ் ப்ரொடெக்டர். எம்சிபி பெட்டிக்குள்ளேயே மாட்டும் வகை, டிஸ்ப்ளேயில் வோல்டேஜ் ஓடிக்கொண்டே இருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பாரிமுனை எலக்ட்ரிக்கல் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். அளவுகளை நாமே மாற்றிக்கொள்ளும் வகைதான் வேண்டும். பச்சை விளக்கு மட்டும் எரியும் சீல் செய்த டப்பாவை நான் வாங்க மாட்டேன், எந்த வோல்டேஜில் கட் ஆகிறது என்று அதில் தெரியாது.

நான் வைத்திருக்கும் அளவு: மேலே 255, கீழே 190, மறுபடி இணைய 180 நொடி. அந்த மூன்று நிமிடம் முக்கியம். நின்ற கம்ப்ரசருக்குள் கேஸ் அழுத்தம் இறங்க அவ்வளவு நேரமாவது வேண்டும், அதற்குள் கரண்ட் கொடுத்தால் அது கிளம்பாமல் உறுமும்.

ஏசிக்கு மட்டும் தனியாக ஸ்டெபிலைசர் வைத்தேன், மொத்த வண்டிக்கும் அல்ல. ஸ்டெபிலைசர் லோ வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கும்போது வெளி லைனிலிருந்து இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும். ஏற்கெனவே திணறும் லைன் மேலும் திணறும்.

இந்த வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். சென்னையில் சினிமா ஷூட்டிங் கேரவன்களில் வேலை செய்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது, அவர்களுக்கு வண்டி பாடியில் எர்த் எப்படிப் போக வேண்டும் என்பது தெரியும்.

படி 2: சாக்கெட்டைப் பார்ப்பது

மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டரை மாட்டினால் பேஸும் நியூட்ரலும் மாறியிருப்பது உடனே தெரியும். எர்த் துளை மேலே இருக்கும்படி பார்த்தால் வலப்பக்கம் பேஸ் வர வேண்டும். அடுத்து மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ள அளவே கிட்டத்தட்ட வர வேண்டும். 80, 100 என்று பாதி காட்டினால் அந்த எர்த் ஒயர் சுவருக்குள் எங்கேயோ வெறுமனே தொங்குகிறது. அப்படி இருக்கும் இடத்தில் பிளக் போடாதீர்கள். வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது, உள்ளே லீக் ஆனால் பாடி முழுக்க கரண்ட் ஏறி நிற்கும், படியில் கால் வைக்கும் குழந்தை வழியாகத்தான் அது தரைக்குப் போகும்.

படி 3: கெட்டில்

நான் அன்று தவறவிட்டது இதுதான். லோடு இல்லாமல் பார்க்கும் வோல்டேஜுக்கு அர்த்தமே இல்லை. லூசான ஸ்க்ரூவில் ஒரு நூலிழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 228 காட்டும், மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு குறைவு. உண்மையான லோடு கொடுத்தால்தான் சாயம் வெளுக்கும்.

1500 வாட் கெட்டில் ஒன்று, 16 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று, பிளக் வடிவிலேயே வரும் சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பாக்ஸில் மீட்டரை மாட்டி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கெட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள், ஐந்து நிமிடம் ஓடட்டும். ஐந்தாறு வோல்ட் இறங்கினால் பரவாயில்லை. பத்தைத் தாண்டினால் நான் ஏசி போட மாட்டேன். இருபதைத் தாண்டினால் பிளக்கே போட மாட்டேன்.

கம்ப்ரசர் எரிந்த மறுநாள் காலை அதே சாக்கெட்டில் இதைச் செய்தேன். 228 என்பது 196 ஆனது. 32 வோல்ட் காணாமல் போனது. கணக்குப் போட்டால் சுமார் 180 வாட், வழியில் ஏதோ ஒரு மூட்டில் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. ஏழு சால்டரிங் அயர்னை ஒரே இடத்தில் வைத்தது போல. மெயின் பெட்டியைத் திறந்தபோது நியூட்ரல் ஒயரின் மேல்தோல் கருகியிருந்தது. அந்த அண்ணன் பாவம், அவருக்கும் அதைப் பார்த்து முகம் வெளிறிவிட்டது. அன்றே ஆள் வைத்துச் சரிசெய்தார்.

கெட்டில் போட்டதும் பக்கத்து அறைகளின் ஃபேன்களையும் பாருங்கள். இங்கே கெட்டில் ஓடும்போது அங்கே ஃபேன் வேகமாகச் சுற்றினால் நியூட்ரல் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே கெட்டிலை நிறுத்தி, வீட்டுக்காரரிடம் சொல்லி, மெயினை அணைக்கச் சொல்லுங்கள்.

படி 4: கேபிள்

இதே சோதனையை உங்கள் கேபிளின் மறுமுனையிலும் செய்யுங்கள். 20 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் போட்டால் 10 ஆம்பியரில் மூன்று வோல்ட்கூட இறங்காது. ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் ஏழு வோல்ட் போகும், அந்த 70 வாட்டும் ஒயரில் சூடாகும். ரீலில் சுற்றி வைத்தபடியே ஓட்டினால் சூடு வெளியேற வழியில்லாமல் உருகும். பாதிதான் தேவை என்றாலும் முழுவதையும் பிரித்துப் போடுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்து மாட்டிய ஒருவர் ப்ரொடெக்டர் இரவு முழுக்க கட் ஆகி இணைந்துகொண்டே இருந்தது என்றார். ஏசி ஓடும்போது வோல்டேஜ் 185க்கு இறங்கும், கட் ஆகும், லோடு போனதும் 220க்கு ஏறும், மறுபடி இணையும். கீழ் அளவை 170க்கு மாற்றி இதைத் தீர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். லைன் தாங்கவில்லை என்று அது சொல்கிறது, ஏசியை அணையுங்கள்.

இன்னொருவர் சின்ன ஜெனரேட்டரில் சாக்கெட் டெஸ்டர் எர்த் இல்லை என்று காட்டுகிறது என்றார். பெரும்பாலான கையடக்க ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது, அதனால் அப்படிக் காட்டும். ஆனால் அந்த நிலையில் ஆர்சிசிபியும் நம்மைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. அதன் டெஸ்ட் பட்டன் வேலை செய்வதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், அந்தப் பட்டனை அழுத்தினால் எர்த் இல்லாமலே ஆர்சிசிபி டிரிப் ஆகும். ஜெனரேட்டரோடு ஓட்டுவதாக இருந்தால் நியூட்ரல் இணைப்பையும் எர்த் ராடையும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி முதலிலேயே செய்துவிடுங்கள்.