சுவரில் ஓதமா? பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்...

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் பெயிண்ட் கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். உப்பிய இடத்தைச் சுரண்டி, பட்டி பார்த்து, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. தண்ணீர் வரும் வழி அடைபடாதவரை அது வீண் செலவுதான்.

படி 1: கறை இருக்கும் இடத்தைப் பாருங்கள். தரையிலிருந்து ஏறி, சுமார் ஒரு மீட்டருக்குள் நின்றுவிட்டால் பெரும்பாலும் மண்ணின் ஈரம். கூரையை ஒட்டி என்றால் மொட்டை மாடி. பாத்ரூமின் மறுபக்கச் சுவர் என்றால் டைல்ஸ் இடுக்கோ, உள்ளே ஓடும் குழாயோ. கறையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதியும் எழுதிவையுங்கள். வெயில் காய்கிற வாரத்திலும் கறை கோட்டைத் தாண்டினால் குழாய்மேல் சந்தேகப்படலாம். பக்கத்தில் சுவிட்ச் போர்டு இருந்தால் கை வைக்காமல் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

படி 2: ஈரம் சுவரிலா, அறைக் காற்றிலா என்று பார்க்கச் சமையலறை அலுமினியத் தாள் போதும். உரியும் பெயிண்டை நீக்கி, ஓரடிச் சதுரமாக வெட்டிய தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பிரிக்கும்போது சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் துளிர்த்திருந்தால் காற்றில்தான் ஈரம். ஜன்னலைத் திறந்து, துணியை வெளியே காயப்போட்டாலே பாதி குறையும்.

ஈரத்தை அளக்கும் கருவியான ஈரமானியும் வாங்கலாம், கட்டாயமில்லை. பல கருவிகள் மரத்துக்கென அளவிடப்பட்டவை. சுவரில் உப்பு இருந்தாலும் அளவைக் கூட்டிக் காட்டும். அதே வீட்டின் காய்ந்த சுவரோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 3: இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். யாரும் தண்ணீர் புழங்காமலே காலையில் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. கழிவுக் குழாய்க் கசிவு இதில் தெரியாது.

படி 4: தண்ணீர் வரும் வழியை அடைத்துவிடுங்கள். மாடியில் மழைநீர்க் குழாய் வாயில் சேர்ந்த சருகை அள்ளுங்கள், தளவிரிசலை அடைத்துவிடுங்கள். வெளிச்சுவரை ஒட்டி மண் மேடிட்டுப் பூச்செடி வைத்திருந்தால் அந்த மண்ணை வெட்டி இறக்குங்கள்.

படி 5: வெள்ளையாகப் பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். அப்புறம் நாணயத்தால் தட்டி, 'டொக்'கென்று வெற்றொலி வரும் பூச்சைக் கொத்தி எடுத்து, காயவிடுங்கள். புதுப் பூச்சுக்கும் சில வாரம் வேண்டும். கொத்தனார் அவசரப்படுத்துவார், அலுமினியத் தாளை மறுபடி ஒட்டி, தாளின் சுவர்ப் பக்கம் காய்ந்திருந்தால் மட்டும் பட்டி பார்க்கச் சொல்லுங்கள்.