பழைய சைக்கிளுக்குப் பெடல் மாற்றுகிறீர்களா?
தோட்டத்துச் சாளையில் சாத்திக் கிடக்கும் அப்பாரு காலத்து சைக்கிளைத் தயார் பண்ணுகிறவர்கள் பெரும்பாலும் திணறுவது இடதுபக்கப் பெடலில்தான். அதன் மரை தலைகீழ். மற்ற நட்டைக் கழற்றுவது போலச் சுற்றினால் இன்னும் இறுகும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாதென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கிற மாதிரி மாட்டுங்கள். பின் சக்கரத்துப் பக்கம் தள்ளினால் கழலும், முன் சக்கரத்துப் பக்கம் தள்ளினால் இறுகும். இரண்டு பெடலுக்கும் இதே கணக்குதான். பொதுவாக 15 மி.மீ. ஸ்பேனர் போதும், கொஞ்சம் மெல்லியதாக, நீளமான பிடியோடு இருந்தால் நல்லது.

துருப்பிடித்து அசையவில்லையா? முந்தின ராத்திரியே, பெடல் மாட்டியிருக்கும் தண்டான கிராங்கின் உட்பக்கம், அச்சு முனை தெரிகிற இடத்தில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய்; இங்கே அது அவ்வளவாக எடுபடாதுங்க.

புதுப் பெடல் வாங்கப் போகும்போது பழசைக் கையோடு கொண்டு போங்கள். பெரும்பாலும் 9/16 அங்குல மரைதான், ஆனால் பழைய பிரெஞ்சு வண்டிகளில் 14 மி.மீ. இருக்கும். இடது, வலது குறி பார்த்து, மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள். எடுத்ததும் ஸ்பேனரைப் போட்டு மரையைக் கெடுத்தால் கிராங்குக்கும் சேர்த்துச் செலவு.