நாலு தகரப் பெட்டியும் ஒரு தம்பியும்: ஸ்டீல்புக் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். பையிலிருந்து ஒரே சூப்பர் ஹீரோ படத்தின் ஸ்டீல்புக்கை நாலு எடுத்து மேசையில் அடுக்கினான், நாலும் சீல் பிரிக்காதது. "அண்ணாச்சி, லிமிட்டெட் எடிஷன்லா, ரெண்டு வருசம் கெடந்தா டபுளாயிரும்" என்றான். நானும் ஒரு காலத்தில் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான், அதனால் சிரிக்க மனசு வரவில்லை.

தெரியாதவர்களுக்கு: ஸ்டீல்புக் என்பது டென்மார்க்கின் ஸ்கனாவோ நிறுவனத்துடைய வணிகப் பெயர். ப்ளூரே, டிவிடி வட்டுகளை வைக்கிற, படம் அச்சடித்த தகர உறை. உள்ளே இருக்கிற சினிமா சாதாரணப் பிளாஸ்டிக் டப்பாவிலும் கிடைக்கும், நாம் கூடுதலாகக் கொடுக்கிற காசு தகரத்துக்குத்தான்.

முதல் தப்பு, 'லிமிட்டெட்' என்ற ஸ்டிக்கரை நம்புவது. ஐநூறு போட்டாலும் லிமிட்டெட்தான், ஐம்பதாயிரம் போட்டாலும் லிமிட்டெட்தான். எத்தனை என்று சொல்லாத லிமிட்டெட்டுக்கு அர்த்தமே கிடையாது. கொரியா, சீனா பக்கத்துச் சின்ன வெளியீட்டுக் கம்பெனிகள் பெட்டிக்கு வரிசை எண் போட்டு விற்பார்கள், அது பரவாயில்லை. ஆனால் அங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு. அதே தகரத்துக்கு வெளியே அட்டை உறை போட்டு ஒன்று, சாய்த்தால் படம் மாறுகிற உறை போட்டு இன்னொன்று, எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் அடைத்து மூன்றாவது என்று வரும், ஒவ்வொன்றுக்கும் எண் தனியாக ஒன்றிலிருந்து தொடங்கும். உங்கள் கையில் இருப்பது 500-ல் 37-வது என்று சந்தோஷப்படும்போது, மொத்தத்தையும் கூட்டிப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வருஷம் தக்காளி நல்ல விலைக்குப் போனது என்று அடுத்த வருஷம் எல்லாரும் தக்காளி போட்டால் பெட்டியைத் தூக்கி வந்த வாடகைக்குக்கூடக் கட்டாது. ஒரு வித்தியாசம், தக்காளி அழுகும், வரத்து தானாகவே குறையும். ஸ்டீல்புக் அழுகாது. எல்லாரும் சீல் பிரிக்காமல் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பதால் பத்து வருஷம் கழித்தும் அத்தனையும் புதுசாகவே இருக்கும். என்னைக் கேட்டால் இந்தச் சரக்கின் விலையைக் கெடுப்பதில் முதல் இடம் இதற்குத்தான்.

அமெரிக்காவில் காமிக்ஸ் வாங்கியவர்கள் இந்தப் பாடத்தை முன்னாலேயே படித்துவிட்டார்கள். மார்வெல் 1991-ல் புது எக்ஸ்-மென் வரிசையின் முதல் இதழை ஐந்து விதமான அட்டைகளோடு போட்டது, 80 லட்சம் பிரதிக்கு மேல் போனது. சேர்க்கிறவர்கள் நாலைந்து வாங்கிப் பூட்டி வைத்தார்கள். இன்றைக்கும் சாதாரணப் பிரதியைச் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். 1996 கடைசியில் மார்வெலே திவால் மனு கொடுத்தது.

இதற்கு நேர்மாறு நம்ம ஊர் பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் பைசாக் கணக்கில் விற்றது, மட்டமான தாள். படித்து முடித்ததும் வடை மடிக்கப் போனது, அடுப்புக்குப் போனது. யாரும் சேர்த்து வைக்கவில்லை, அதனால்தான் இன்று பழசு ஒன்று கண்ணில் பட்டால் ஆள்கள் மொய்க்கிறார்கள். அதே பாசத்தில் 2007 வாக்கில் மோசர் பேர் என்ற கம்பெனி போட்ட டிவிடிகளைத் தூக்கி வைத்துக்கொண்டு 'அபூர்வம்' என்று விலை சொல்லாதீர்கள். 34 ரூபாய்க்கு டிவிடி, 28 ரூபாய்க்கு விசிடி என்று பார்த்த கடையிலெல்லாம் தொங்கிய சரக்கு அது.

அடுத்தது, கேட்கிற விலையை விற்ற விலை என்று நினைப்பது. ஈபே என்கிற இணையச் சந்தையில் டிஸ்னியின் பழைய 'கருப்பு வைரம்' முத்திரை வீடியோ கேசட்டை ஆயிரக்கணக்கான டாலருக்குப் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துச் செய்தி வேறு வரும். அந்தக் கேசட்டுகள் கோடிக்கணக்கில் விற்றவை. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டு என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் சில டாலரோடு நின்றுவிடும்.

மறுவெளியீட்டை மறப்பதும் உண்டு. ஸ்டீல்புக் தீர்ந்துபோய் விலை ஏறியது என்றால் அது நமக்கு மட்டும் தெரிகிற ரகசியமா? படத்தின் உரிமைக்காரருக்கும் தெரியும். 4கே வட்டோடு புதுப் பெட்டி வந்தால் பழைய பெட்டியைச் சீந்த ஆள் இருக்காது. அப்புறம், சோனி 2025 பிப்ரவரியில் ப்ளூரே தயாரிப்பை நிறுத்துகிறது என்ற செய்தி வந்ததும் வாட்ஸ்அப் குழுக்களில் விலையை ஏற்றினார்கள். நிறுத்தியது நாம் எழுதிக்கொள்கிற வெற்று வட்டை, சினிமா வட்டை அல்ல.

என் கதைக்கு வருகிறேன். சிந்துபூந்துறை வீட்டில் பீரோவின் அடித்தட்டில் ஒரே படம் மூன்று வைத்திருந்தேன். 2023 டிசம்பரில் தாமிரபரணி உள்ளே வந்தாள். ஷ்ரிங்க் கவரில் காற்றுப் போகச் சின்ன ஓட்டை இருக்கும், அது வழியாகச் சேற்றுத் தண்ணீர் புகுந்து வெளியேற வழியில்லாமல் நின்றுவிட்டது. பத்து நாள் கழித்துப் பிரித்தால் மடிப்பு ஓரமெல்லாம் செம்பழுப்பாகத் துரு, நகத்தால் சுரண்டினால் நாயகனின் முகம் உரிந்து வருகிறது. மூன்று அழிந்ததே, மற்றதற்கு விலை கூடியதா என்றால் கூடவில்லை, ஊருலகத்தில் அத்தனை கிடக்கிறது. துருவை விடுங்கள், மூலையில் கடுகளவு நசுங்கல் இருந்தாலே போச்சு. சரக்கு மலிந்தால் வாங்குகிறவன் நசுங்காததைத்தான் பொறுக்குவான்.

தம்பியிடம் கணக்குப் போடச் சொன்னேன். அவன் வரவழைத்த லண்டன் கடையின் விலை, கப்பல் செலவு, சுங்க வரி, அப்புறம் இங்கே விற்கும்போது கூரியர். முகம் சுண்டிவிட்டது. சரி, ஒன்றையாவது பிரித்துப் படம் பார்ப்போம் என்று போட்டால் பிளேயர் வட்டைத் துப்பிவிட்டது. ப்ளூரேயில் உலகத்தை மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்து வட்டு இன்னொரு மண்டலத்து பிளேயரில் ஓடாதபடி பூட்டுப் போடலாம்; இங்கிலாந்து பி மண்டலம், நாம் சி மண்டலம். பல கம்பெனிகள் இந்தப் பூட்டைப் போடுவதில்லை, இது போட்டிருந்தது.

"சவத்த, மிச்ச மூணுக்கு யாராச்சும் ஆளு இருந்தா சொல்லுங்க அண்ணாச்சி" என்று பையைக் கட்டினான். பிரித்ததை என்னிடமே விட்டுப் போய்விட்டான்.