மலையிறங்கும் வழியில் வலியைத் தணித்தல்: மார்ஃபினா, ஃபென்டனிலா?

போடிமெட்டுக்கு அப்பால், பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் ஜீப் கவிழ்ந்து தொடையெலும்பு முறிந்த ஒருவரைப் போடிக்குக் கொண்டுவர 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். காயம் பெரிதென்றால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை பயணம் நீளும். அந்த வழியில் மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு (அபின் வகை வலிநீக்கி) மருந்துகளில் எதைத் தருவது என்று தீர்மானிக்கும் மருத்துவருக்கும், அவர் உத்தரவின்படி ஊசி போடும் செவிலியருக்கும் உரியது இக்குறிப்பு. மற்றவர்கள் இம்மருந்துகளைத் தொடவே கூடாது.

முதலில் முறிந்த காலைச் சிம்பு வைத்துக் கட்டுங்கள். அசைவு நின்றாலே வலி கணிசமாகக் குறையும். மருந்தின் தேவையும் குறையும். பிறகு ‘பத்துக்கு எத்தனை வலி?’ என்று கேட்டு எழுதிக்கொண்டு, இரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு ஆகிய மூன்றையும் பாருங்கள்.

ஃபென்டனில் மார்ஃபினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வீரியமுள்ளது என்றால் அது 100 மடங்கு வலியைப் போக்கும் என்பதன்று. மிகச் சிறிய அளவே போதும் என்பதுதான் பொருள். மார்ஃபினை மில்லிகிராமிலும் ஃபென்டனிலை மைக்ரோகிராமிலும் அளப்பதால், இவ்விரண்டு அலகுகளும் மாறிவிட்டால் பிழை ஆயிரம் மடங்காகும். ஆகவே ஆம்பூலில் (மருந்துக் குப்பியில்) எழுதியிருப்பதை இருவர் உரக்கப் படித்த பிறகே மருந்தை ஏற்ற வேண்டும்.

சரியான அளவில் தந்தால் இரண்டும் வலியைத் தணிப்பதில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு நேரத்திலும் இரத்த அழுத்தத்திலும் இருக்கிறது. சிரைவழியே, உடல் எடையில் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் ஃபென்டனில் ஓரிரு நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும், கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் மார்ஃபின் உச்சத்தை எட்ட ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆனாலும் மூன்று, நான்கு மணி நேரம் நிற்கும். மார்ஃபின் உடலில் இரத்தக் குழாய்களை விரிக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளிவிடச் செய்து அழுத்தத்தை இறக்கும் என்பதால், இரத்தம் இழந்தவருக்கு, குறைத்த அளவில், ஃபென்டனிலே மேல். அழுத்தம் நிலையாக இருந்து, பயணம் நீளுமானால் மார்ஃபினைத் தேர்ந்தெடுப்பேன். எதுவானாலும் முழு அளவையும் ஒரே தள்ளாகத் தராமல், சிறிது சிறிதாக ஏற்றிப் பலனைப் பார்த்துத் தொடர வேண்டும்; ஃபென்டனிலை வேகமாகச் செலுத்தினால் மார்புத் தசைகள் விறைத்து மூச்சே தடைபடலாம். சிரை கிடைக்காத குழந்தைகளுக்கு அதையே கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம் அளவில் மூக்கு வழியே தெளிக்கலாம்.

அதிர்ச்சி நிலையில் (உடலின் இரத்த ஓட்டம் குன்றிய ‘ஷாக்’ நிலையில்) இருப்பவருக்குத் தசையில் ஊசி போடுவது தவறு: இரத்த ஓட்டம் குன்றிய தசையில் மருந்து தேங்கி நின்று, திரவம் ஏற்றி ஓட்டம் சீரானதும் மொத்தமாக உள்ளே பாயும்.

டிரமடால் என்ற மற்றோர் ஓபியாய்டு எளிதில் கிடைக்கிறது என்பதற்காக அதை நாடுவோர் உண்டு. அது மெதுவாகவே வேலை செய்யும், வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால் தலைக்காயத்துக்கு ஏற்றதன்று, குமட்டலும் மிகுதி. கழுத்துப் பட்டையோடு மல்லாந்து கிடப்பவர் வளைவில் வாந்தியெடுத்தால் என்னாகும் என்பதை மலைப்பாதையில் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பென்டசோசின் என்ற இன்னொரு வலிநீக்கிக்கோ ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் அளவைக் கூட்டியும் பயனில்லை, ஏற்கெனவே தந்த மார்ஃபினின் பலனையும் அது கெடுக்கும்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தம் மருத்துவமனைகள் மார்ஃபின் பெறுவதை எளிதாக்கியது. ஆனாலும் பதிவேடு எழுதும் தொல்லைக்கு அஞ்சி அதை வாங்கி வைக்காத இடங்கள் இருக்கின்றன. அந்த அச்சத்தின் விலையை நோயாளிதான் தருகிறார்.

ஊசி போட்ட பின் உறக்கம் ஆழமானாலோ, மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்குக் கீழே போனாலோ, முகமூடிப் பையால் மூச்சளித்துக்கொண்டே, ஓபியாய்டுக்கு முறிமருந்தான நாலாக்சோனைச் சிறு அளவுகளில் தர வேண்டும். அதன் வேலை மார்ஃபினுக்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதால், கண் விழித்தவரை மீண்டும் உறங்குகிறாரா என்று கவனித்தபடியே அழைத்துச் சென்று, மருந்தின் பெயர், அளவு, தந்த நேரம் மூன்றையும் எழுதிய தாளுடன் ஒப்படையுங்கள்.