அதிகம் பேர் எடுக்காத பாடமா? வெளிநாட்டுப் படிப்பை இப்படித் தேடுங்கள்

தொல்லியல், மொழியியல் மாதிரி பாடம் படிப்பவர்கள் பல்கலைக்கழகங்களின் ஒட்டுமொத்தத் தரவரிசையை வைத்துக்கொண்டு தேட வேண்டாம், அது உங்கள் துறையைப் பற்றி அதிகம் சொல்லாது. உங்களுக்குப் பிடித்த ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, அதை எழுதியவர்கள் எங்கே பாடம் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். அங்கிருந்து தொடங்குவதுதான் சரி.

அப்புறம், ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும், பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைப் படிப்புகளின் பட்டியலை முழுசாகப் படியுங்கள். தொல்பொருட்களை அறிவியல் முறையில் ஆராயும் ஆர்க்மேட் போன்ற படிப்புகள் அதில் வந்தவைதான்; எவோரா (போர்ச்சுகல்), ரோம், தெசலோனிகி (கிரீஸ்) என்று மூன்று நகரப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது அது. எராஸ்மஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கல்விக் கட்டணமும் கிடையாது. விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் முடிந்துவிடும், அதனால் கடைசி வருடம் தொடங்கும்போதே தயாராகுங்கள்.

பலர் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. மதிப்பெண் சான்றிதழில் தாளின் பெயர் மட்டும்தான் இருக்கும், அதில் என்ன படித்தீர்கள் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தாளின் அலகுகள், வகுப்பு நேரம் எல்லாம் உள்ள பாடத்திட்ட நகலில் துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள், கல்லூரியை விட்டு வெளியேறும் முன்பே.