ஆட்டு நாடாப்புழுவில் புரதச் சிதைப்பு நொதிகளையும் அவற்றின் தடுப்பான்களையும் சோதிக்கும் முறை

நாடாப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. தன் மேலுறையின் நுண்ணிழைகள் வழியாகவே அது உணவை உறிஞ்சிக்கொள்கிறது. ஓம்புயிரியின், அதாவது புழு வாழும் விலங்கின், கணையம் சுரக்கும் புரதச் சிதைப்பு நொதிகளான டிரிப்சினிலும் கைமோடிரிப்சினிலும் இடைவிடாமல் ஊறிக்கிடந்தும் அந்த மேலுறை செரித்துப்போவதில்லை. ஆகவே சோதனையைத் தொடங்குபவர், புழுவுக்கே உரிய நொதி எது என்ற கேள்வியையும், ஓம்புயிரியின் நொதியை அடக்கும் பொருள், அதாவது தடுப்பான், எது என்ற கேள்வியையும் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ள வேண்டும்.

செம்மறியாட்டின் சிறுகுடலில் வாழும் நாடாப்புழுவான மோனிசியா எக்ஸ்பான்சா இதற்கு ஏற்றது. அது சில மீட்டர் நீளம் வளர்வதால் ஒரு புழுவிலிருந்தே போதிய திசு கிடைக்கும். வழக்கமாக மனிதரைத் தொற்றுவதும் இல்லை. நாயின் குடலிலுள்ள எக்கினோகாக்கஸ், மனிதக் குடலிலுள்ள டீனியா சோலியம் ஆகியவற்றின் முட்டைகள் மனிதருக்குள் நீர்க்கட்டிகளை உண்டாக்கக்கூடியவை என்பதால், சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் அவற்றைத் தொடாமலிருப்பதே நல்லது.

இறைச்சிக்கூடத்தில் குடலைத் திறந்தவுடன் புழுவை இளஞ்சூடான 0.9 சதவீத உப்புக்கரைசலில் இட்டு, கரைசலை ஐந்தாறு முறை மாற்றிக் கழுவ வேண்டும். கடைசியாகக் கழுவிய நீரைக் கொட்டிவிடாமல் தனியே எடுத்துவைக்க வேண்டும். அதுவும் புரதத்தைச் சிதைத்தால், நாம் அளக்கவிருப்பதில் ஒரு பங்கு புழுவின் மேல் ஒட்டிய ஆட்டு நொதியே. பலரும் தவறவிடுவது இந்தப் படியைத்தான்.

கழுவிய புழுவை எடைபோட்டு, அதன் எடையைப் போல ஐந்து மடங்கு குளிர்ந்த பாஸ்பேட் தாங்கல் கரைசலில் (அமில-கார நிலை மாறாமல் காக்கும் கரைசல்), பனிக்கட்டியின் மேல் வைத்து அரைக்க வேண்டும். பிறகு 4 பாகை செல்சியஸில், புவியீர்ப்பைப் போல 10,000 மடங்கு விசையில் 20 நிமிடம் மையவிலக்கு செய்தால், புழுத் திசுவில் நிறைந்துள்ள சுண்ணாம்புத் துகள்கள் அடியில் தங்கிவிடும்; மேலே தெளிந்து நிற்பதே சோதனைக்கான சாறு. புரதத்தைப் பிரித்தெடுக்கும் பழக்கத்தில் தடுப்பான் கலவையை இந்தக் கட்டத்தில் சேர்த்துவிட்டால், பின்னால் எந்த முடிவையும் நம்ப முடியாது.

நொதியின் செயலை அளக்க, 1 சதவீத அசோகேசினுடன் (சாயம் பிணைத்த பால் புரதம்) சாற்றைக் கலந்து 37 பாகையில் ஒரு மணி நேரம் வைத்து, டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தால் வினையை நிறுத்தி, தெளிந்த நீரில் காரம் சேர்த்து 440 நானோமீட்டரில் நிறத்தை அளக்கலாம். நிறமானி இல்லாத இடத்தில், எக்ஸ்-ரே படலத்தின் ஜெலட்டின் பூச்சில் ஒரு துளி இட்டுவைத்தால், நொதி கரைத்த இடம் தெளிந்து தெரியும். எளிய முறையானாலும் கழுவிய நீரைச் சோதிக்க அதுவே போதும். சோதனையை, அமில-கார அளவான பி.எச் 4 முதல் 9 வரை நடத்த வேண்டும். அமில நிலையில் செயல்படும் சிஸ்டீன் வகை நொதிகள் (சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தைக் கொண்டு புரதத்தை வெட்டுபவை) டைதையோதிரைடால் போன்ற ஒடுக்கும் வேதிப்பொருள் இல்லாமல் உறங்கியே கிடக்கக்கூடும் என்பதால், அதைச் சேர்த்த குழாய் ஒன்றும் சேர்க்காத குழாய் ஒன்றும் தேவை.

நொதியின் வகையை அறியத் தனித்தனிக் குழாய்களில், சிஸ்டீன் வகைக்கு ஈ-64, செரின் வகைக்குப் பி.எம்.எஸ்.எப், அஸ்பார்டிக் வகைக்குப் பெப்ஸ்டாட்டின், உலோக வகைக்குப் பினாந்திரோலின் ஆகிய தடுப்பான்கள் சேர்க்கப்படும். பி.எம்.எஸ்.எப் நச்சுப்பொருள், நீரில் நிலைப்பதும் இல்லை. பி.எச் 8-இல், 25 பாகையில், ஏறத்தாழ அரை மணி நேரத்தில் பாதி அழிந்துவிடும். ஆகவே அதை ஆல்கஹாலில் கரைத்துவைத்து, வினைக்குச் சற்று முன்பே சேர்க்க வேண்டும். ஆல்கஹால் மட்டும் சேர்த்த குழாயும் உடனிருக்க வேண்டும். பி.எம்.எஸ்.எப் சில சிஸ்டீன் நொதிகளையும் தாக்குமென்பதால், ஈ-64 தரும் விடையோடு சேர்த்துப் பார்த்தே செரின் வகை என்று சொல்லலாம்.

தடுப்பானைத் தேடும்போது, மாட்டு டிரிப்சினுடன் சாற்றைப் பத்து நிமிடம் வைத்துவிட்டு, பாப்னா எனப்படும் செயற்கைத் தளப்பொருளை (நொதி வெட்டும் பொருள்) சேர்த்து 410 நானோமீட்டரில் அளக்க வேண்டும். செயல் குறைந்தாலே தடுப்பான் கிடைத்துவிட்டதாக எழுதிவிடக் கூடாது. சாற்றிலுள்ள சாதாரணப் புரதமே டிரிப்சினுக்கு இரையாகி, தளப்பொருளுடன் போட்டியிடலாம். எனவே அதே அளவு மாட்டு அல்புமின் சேர்த்த குழாயுடன் ஒப்பிட வேண்டும்.

உயிருள்ள புழுவை வைத்துச் செய்யும் சோதனையில் இன்னொரு பொறி உண்டு. எலியின் நாடாப்புழுவான ஹைமெனோலெபிஸ் டிமினுட்டா டிரிப்சினைச் செயலிழக்கச் செய்கிறது என்று பாப்பஸும் ரீடும் 1972-இல் காட்டினர். ஆனால் அதற்குக் காரணம் புழு சுரக்கும் தடுப்பானா, அல்லது புழு வெளிவிடும் அமிலத்தால் பி.எச் இறங்கியதன் விளைவா என்ற கேள்வியை உக்லெமும் ஜஸ்ட்டும் 1983-இல் எழுப்பினர். டிரிப்சின் நன்றாகச் செயல்படுவது பி.எச் 8-ஐ ஒட்டியே. ஆகவே புழு இருந்த கரைசலின் பி.எச்சை முன்னும் பின்னும் அளந்து, வலுவான தாங்கல் கரைசலில் அதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

இவ்வளவையும் தாண்டித் தடுப்பு நின்றால், சாற்றை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து மறுபடி அளக்கலாம். தடுப்பு மாறாதிருந்தால், கந்தகப் பிணைப்புகளால் இறுகிய குனிட்ஸ் வகைத் தடுப்பான் போன்ற சிறு புரதமாக இருக்க வாய்ப்புண்டு. மறைந்துவிட்டால், வெப்பம் தாங்காத, அளவில் பெரிய செர்பின் போன்ற தடுப்புப் புரதங்களைத் தேடலாம்.